சிமிட்டாத சிவப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், மழை பெய்தால் கால்வாய் எது சாலை எது என்று தெரியாத ஒரு தெருவில், ஒளிபரப்பு வண்ணத் தகுதி ஆணையம் என்று ஒரு அலுவலகம் இருந்தது. கம்ப்யூட்டரில் செய்த எந்தப் படமும் டிவியில் வர வேண்டுமென்றால், அதிலுள்ள நிறங்கள் முதலில் இங்கே வந்து கைகட்டி நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தில் அதைக் கலர் ஆபீஸ் என்றார்கள். கலர் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் வாசலில் படுத்திருந்த செவலை நாய் ஒன்றுதான் இருந்தது. அதையும் விரட்டச் சொல்லிச் சுற்றறிக்கை போட்டிருந்தார்கள்.

இப்படி ஒரு ஆபீஸ் எதற்கு என்று கேட்டால், பதில் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று இருக்கிற நிறம் டிவிக்குப் போனால் ஒத்துக்கொள்ளாது. முக்கியமாகச் சிவப்பு. அடர்த்தியாக வைத்தால் சாயம் போகிற துணி மாதிரி பக்கத்து நிறத்தின் மேல் ஒழுகும், ஓரமெல்லாம் நடுங்கும். கொஞ்சம் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டே செய்துவிடுகிற வேலை அது. அந்தக் கைப்பிடி நியாயத்தின் மேல் இரண்டு மாடி, ஒரு ஜீப், ஒரு இயக்குநர், அவருக்குக் கீழே ஒரு தொழில்நுட்ப அதிகாரி, அவருக்கும் கீழே என்ன வேலை என்று தங்களுக்கே தெரியாத ஒரு கூட்டம் என்று கட்டி எழுப்பியிருந்தார்கள்.

பாஸ்கரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சைக்கிள் கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இரண்டு பக்கமிருந்தும் பறந்து வந்து ஒரு இதயத்துக்குள் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு ஆடி மாதத்தில் அரசாங்க வேலை ஒன்று வந்தது. ஏரி நிரம்பி மதகு திறந்தால், செய்திக்கு முன்னால் டிவியில் காட்ட ஒரு வரைபடம் வேண்டும். ஏரி நீலம். பயமில்லாத இடம் பச்சை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய தெருக்கள் சிவப்பு.

எந்த ஏரி? ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவிலிருந்த கன்னித்தாங்கல் ஏரி. எந்தத் தெருக்கள்? பாஸ்கரன் மனைவி புஷ்பாவோடும் மகளோடும் குடியிருந்த தெருவும் அதில் ஒன்று. ஏரிக்குள்ளேயே கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்து, மேளதாளத்தோடு விற்ற மனையை வாங்கி ஏமாந்தவர்களில் அவனும் ஒருவன். ஆகையால் அவன் இதை உயிரைக் கொடுத்துச் செய்தான். சிவப்பைக் கொஞ்சம் குறைத்தும் வைத்தான். செய்துவிட்டு, எதிர் வீட்டுத் துலுக்கானத்திடம் பெருமையடித்துக்கொண்டான்.

துலுக்கானம் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த மனிதர். அவர் மனைவி எல்லம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. போன வருஷ மழையில் எவனோ ஏரி உடைந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓட, துலுக்கானம் எல்லம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். ஏரி உடையவில்லை. எல்லம்மாவுக்கு ஜன்னி கண்டு, பிழைத்தது மறுபிழைப்பு. அன்றிலிருந்து துலுக்கானம் ஒரு முடிவில் இருந்தார்.

“இந்தத் தபா எவன் இன்னா கூவினாலும் நான் கெளம்ப மாட்டேன் நைனா. டிவில வரட்டும். கெவுர்மெண்டு சொன்னாத்தான் இவளத் தூக்குவேன்” என்றார்.

“அதுக்குத்தான் அண்ணாத்தே இந்த மேப்பு. நம்ம தெரு சேப்பா வரும்.”

“எங்கூட்டு டிவில சேப்பு ஏதுப்பா? அதுல ரோசாப்பூவும் சாம்பலாத்தான் கீது, ராட்சசனும் சாம்பலாத்தான் கீறான்.”

பாஸ்கரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் முக்கால்வாசி வீட்டில் கறுப்பு வெள்ளை டிவிதான். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல். யோசித்துப் பார்த்துவிட்டு, சிவப்புத் தெருக்களை அணைந்து அணைந்து எரிகிற மாதிரி மாற்றினான். இனி எந்த டிவியிலும் தெரியும்.

“டிவில நம்ம தெரு கண்ணடிக்கும் அண்ணாத்தே. கண்ணடிச்சா உடனே அக்காவத் தூக்கினு வந்துடு” என்றான்.

கட்டிலிலிருந்து எல்லம்மா சிரித்தாள். “இந்த வயசுல என்னப் பாத்து ஒரு மேப்பாவது கண்ணடிக்குதே. வரட்டும், வரட்டும். பவுடர் பூசிகினு ரெடியா கீறேன்.”

இந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் பாஸ்கரன் படத்தை வீடியோ கேசட்டில் ஏற்றி எடுத்துக்கொண்டு கலர் ஆபீசுக்குப் போனான்.

வாசலிலேயே அட்டெண்டர் முனியன் மறித்தான். “இன்னா நைனா, ஊதா சட்டை போட்டுகினு வந்துகீறே? உள்ள வுட மாட்டாங்க.”

நிறத்தைப் பரிசோதிக்கிற இடத்தில் வேறு நிறம் இருந்தால் அதிகாரிகளின் பார்வை கெட்டுவிடுமாம். முனியன் ஒரு மூட்டையிலிருந்து சாம்பல் நிறச் சட்டை ஒன்றை உருவிக் கொடுத்தான். அதற்கு முன்னால் வந்த அத்தனை பேருடைய வேர்வையும் அதில் இருந்தது. உள்ளே சுவர் சாம்பல், கூரை சாம்பல், ஃபைல் சாம்பல். பெண் ஊழியர்கள் வாசலில் பொட்டை எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கும் சாம்பல் பூசியிருந்தார்கள். குங்குமத்துக்குத் தடை, விபூதிக்கு ஆட்சேபணை இல்லை.

தொழில்நுட்ப அதிகாரி உத்தமன் பேசும்போது பாஸ்கரனுக்கு யாரோ வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. பேச்சுத் தமிழில் உணர்ச்சியின் நிறம் ஏறிவிடுகிறது என்பதால் அலுவலகத்துக்குள் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்று விதி. “அமருங்கள். முதலில் கண் ஓய்வு” என்றார்.

கண் ஓய்வு என்பது என்னவென்றால், நிறத்தைப் பார்க்கும் முன் கண் பழைய நிறங்களை மறக்க வேண்டுமாம். அதற்காக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா அதிகாரிகளும் ஓர் இருட்டறையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள். பாஸ்கரனும் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் மறதியின் ஓசை நாலா பக்கமிருந்தும் எழுந்தது. உத்தமனின் மறதி மட்டும் விசிலடித்தது. நாலரை மணிக்கு முனியன் டீயோடு வந்து விளக்கைப் போட்டபோது, கண் நன்றாக ஓய்ந்திருந்தாலும் அலுவலக நேரம் முடியப் போகிறது என்று மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளும் கண் ஓய்ந்தது. மூன்றாம் தடவைதான் படம் பார்த்தார்கள்.

பார்வை அறையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. பூட்டுப் போட்டு, வெல்வெட் துணி மூடி, மூன்று பட்டை விபூதி இட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வண்ணப் பரிசோதனை மானிட்டர் அதற்குள் இருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல், இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த பழைய டிவி. அதில்தான் கேசட்டைப் போட்டார்கள்.

பாஸ்கரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். “சார், இது பிளாக் அண்ட் ஒயிட் டிவியாச்சே?”

பெரியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் குழந்தை ஏதோ சொல்லிவிட்டது போல எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

“பயிற்சி இல்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்” என்றார் உத்தமன். “நாங்கள் மூன்று ஆண்டுகளாக இதில்தான் நிறம் பார்க்கிறோம். இதோ இந்த நீலத்தில் ஓர் அகம்பாவம் தெரிகிறது. அந்தப் பச்சை பரவாயில்லை, வளர்ப்பு நன்று. ஆனால் இது என்ன?”

திரையில் தெரு அணைந்து அணைந்து எரிந்தது.

“ஆபத்தான எடம் சார். ஜனங்க பாக்கணும்னு அப்டி வெச்சேன்.”

“ஓர் அரசு வரைபடம் பொதுமக்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவதா? வீடுகளில் தாய்மார்கள் இருக்கிறார்கள், வயது வந்த பெண்கள் இருக்கிறார்கள். சிமிட்டலை எடுத்துவிடுங்கள்.”

பாஸ்கரன் துலுக்கானத்தையும் எல்லம்மாவையும் பற்றிச் சொன்னான். போன வருஷத்து ஜன்னியைச் சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னான். உத்தமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நோயாளிகள் சுகாதாரத் துறையின் பொறுப்பு. அவர்களை நிறத்துக்குள் கொண்டுவரக் கூடாது” என்றார்.

“படத்துல தெருப் பேரெல்லாம் ஒரு குரல் சொல்லுது சார். அதுவாவது இருக்கட்டும்.”

“குரலுக்கு ஒலித் தகுதி ஆணையம் என்று ஒன்று அமைக்கப்படும். அமைக்கப்படும் வரை குரலுக்குத் தகுதி கிடையாது. வீணை போட்டுக்கொள்ளுங்கள்.”

இன்னொன்றும் கண்டுபிடித்தார் உத்தமன். வரைபடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்ததில், கலர் ஆபீஸ் இருக்கிற தெருவும் சிவப்புக்குள்தான் வருகிறது. ஓர் அரசு அலுவலகம் ஆபத்தில் இருப்பதாகக் காட்டுவது அவதூறு என்றார். “தண்ணி வரும் சார்” என்றான் பாஸ்கரன். “அனுமதியில்லாமலா?” என்று கேட்டார் உத்தமன். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்து ஊதாச் சட்டையை மாட்டிக்கொள்ளும்போது முனியனிடம் பாஸ்கரன் மெல்லக் கேட்டான்: “அந்தப் பொட்டியத் தொறந்தா கலர் தெரியுமா?”

“பொட்டில ஒண்ணும் இல்ல நைனா. கலர் டிவி டைரக்டர் அய்யா ஊட்ல கீது. நான்தான் தலைல தூக்கினு போய் வெச்சேன். ஞாயித்துக்கெழம படம் பாக்க அந்தத் தெருவே அங்கதான் கீது.” முனியன் பீடியை அணைத்தான். “இங்க கீறவங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனா எனக்குக் கலர் தெரியலன்னு எவனும் சொல்ல மாட்டான். சொன்னா கண்ணுல கோளாறுன்னு சீட்டக் கிழிச்சி அனுப்பிடுவாங்க.”

பாஸ்கரன் இந்தப் படமே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இங்கே முத்திரை விழாமல் படம் டிவிக்குப் போகாது. ஒன்றுமே போகாமல் இருப்பதற்கு ஏதாவது போகட்டுமே என்று நினைத்தான். நல்லவர்களெல்லாம் கெட்டுப்போவது இந்த ‘ஏதாவது’ என்ற இடத்தில்தான். சிமிட்டலை எடுத்தான். சிவப்பு எரியாமல் நின்றது.

அடுத்ததாக முழு ஆணையமும் கூடிப் படம் பார்த்தது. புரட்டாசி பாதி கழிந்திருந்தது. இயக்குநர் தேவராஜ் அன்றுதான் தரிசனம் கொடுத்தார். வெள்ளைத் தலை, சாம்பல் சபாரி. பக்கத்தில் சிறப்பு அழைப்பாளர் என்று ஒருவர். கன்னித்தாங்கல் ஏரிக்குள் கல் நட்டு விற்ற அதே மனைக்காரர். நிறத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பாஸ்கரன் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார்: “சேப்பு அங்க வரக் கூடாதுங்க. அது ஈசான மூலை. அங்க நாலாவது பேஸ் மனை வேற போட்டுகினு இருக்கோம்.”

தேவராஜ் எழுந்து நின்று பேசினார். எழுந்து நின்றால் அவர் பேசாமல் உட்கார மாட்டார்.

“சிவப்பு என்பது எல்லை மீறும் குணமுடைய நிறம். கொஞ்சம் இடம் கொடுத்தால் பக்கத்து நிறத்தின் மேல் பரவும். ஒரு நிறம் தன்னை மட்டும் பார் என்று கேட்பது ஒழுக்கக்கேடு. பார்ப்பவன் கண்ணில் எந்த நிறமும் உறுத்தக் கூடாது. எந்த நிறமும் இன்னொன்றை விட மேலே தெரியக் கூடாது. மக்களுக்கு ஆபத்து வரும், போகும். ஒளிபரப்புக்கு ஆபத்து வரக் கூடாது. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து நம் முத்திரையோடு போன எந்தப் படத்தைப் பற்றியும் ஒரு புகார்கூட வந்ததில்லை. ஏன்? யாரும் அவற்றைக் கவனித்ததே இல்லை!”

கைதட்டினார்கள். பாஸ்கரனும் தட்டினான். தட்டிவிட்டு ஏன் தட்டினோம் என்று தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாகச் சொன்னால் எனக்கே வயிறு எரிகிறது. சிவப்பைக் குறைத்து செங்கல் நிறமாக்கச் சொன்னார்கள். செங்கல்லாக்கினதும் பக்கத்திலிருந்த பச்சை உறுத்தியது, பச்சையைக் குறைத்தான். பச்சை அடங்கினதும் நீலம் திமிறியது. நீலத்தில் கொஞ்சம் செங்கல்லைக் கலந்தான். கலந்ததும் மறுபடி செங்கல் தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் சாம்பல் சட்டை, கண் ஓய்வு, விசில். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய டிவியில் அத்தனை பேரும் குனிந்து பார்த்து, இல்லாத நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். “இதில் இன்னும் கொஞ்சம் வெட்கம் வேண்டும்” என்று சாம்பலைக் காட்டிச் சொன்னார் உத்தமன். பாஸ்கரனுக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் அவன் வாயிலிருந்தே, “இந்தப் பக்கம் கொஞ்சம் பழுப்பு தூக்கலா கீது சார்” என்று வந்தது. உத்தமன் அவனை முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டபோது, ஏரிக்கும் தெருவுக்கும் பயமில்லாத இடத்துக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இல்லாமல் போயிருந்தது. முத்திரை விழுந்தது.

வீட்டில் புஷ்பா கேட்டாள்: “எதிர் வூட்டு அண்ணாத்தகிட்ட சொல்ட்டியா, அது கண்ணடிக்காதுன்னு?”

“சொல்றேன் சொல்றேன்.”

“எப்ப சொல்லுவ? ஏரி மேல ஏறிகினு கீது. அந்தாளு தெனம் நியூசுக்கு முன்னாடி டிவி முன்னால குந்திகினு கீறாரு.”

“சொல்றேன்னு சொல்றேன்ல!” என்று எரிந்து விழுந்தான். தினமும் அந்த இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது துலுக்கானம், “இன்னா நைனா, மேப்பு ரெடியா?” என்பார். “ஆயிடுச்சி அண்ணாத்தே” என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். இரண்டு மாதமாகத் தான் செய்ததை வாய் விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

அந்த நாளை வந்தது; அன்றைக்குக் கலர் ஆபீசில் விழா. ‘முழுமையாகப் பாதுகாப்பான வண்ணப் படம்’ என்று பாஸ்கரனுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆணையம் தொடங்கியதிலிருந்து எந்தப் படமும் இவ்வளவு அடக்கமாக வந்ததில்லையாம். காலையிலிருந்து மழை விடவில்லை. பத்திரிகைப் போட்டோகிராபர் வருகிறார் என்பதால், இயக்குநர் வீட்டிலிருந்து கலர் மானிட்டரை முனியன் தலையில் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்திருந்தான். வெல்வெட்டை விலக்கியபோது அதிகாரிகள் அதை முதல்முறையாகப் பார்க்கிறவர்கள் போல எட்டிப் பார்த்தார்கள். முதல்முறையாகத்தான் பார்த்தார்கள்.

சாயங்காலம் செய்திக்குக் கொஞ்சம் முன்னால், தேவராஜ் பேசிக்கொண்டிருக்கும்போதே, மானிட்டரிலிருந்து வீணை ஒலித்தது. கன்னித்தாங்கல் மதகைத் திறந்துவிட்டார்கள். பாஸ்கரனின் படம் ஒளிபரப்பாகிறது, கலரில்.

திரை முழுக்க ஒரே நிறம். கழுவாத சட்டியில் மிஞ்சின புளிக்குழம்பு காய்ந்தால் வருமே, அது. ஏரி எது, தெரு எது, ஓட வேண்டிய இடம் எது, ஒன்றும் இல்லை. வீணை மட்டும் இனிமையாக வாசித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாஸ்கரன் தன் தெருவை நினைத்தான்.

“எவ்வளவு அமைதி!” என்றார் தேவராஜ். கண் கலங்கியிருந்தது. “எந்த உறுத்தலும் இல்லை!”

கைதட்டல் ஓயுமுன் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் நுழைந்தது. சத்தமில்லாமல் வந்து நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு மேடை வரைக்கும் போயிற்று. உத்தமன் குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

“ஐயா, நாம் அங்கீகரித்த நிறம்! கொஞ்சமும் பிசகவில்லை!”

தேவராஜ் நாற்காலி மேல் ஏறி நின்று, “இயற்கையே இன்று நம் ஆணையத்தைப் பின்பற்றுகிறது” என்று உரையைத் தொடர்ந்தார். பாஸ்கரன் சான்றிதழைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடினான்.

முழங்காலில் தொடங்கிய தண்ணீர் தெருவுக்குப் போகும்போது மார்புக்கு வந்துவிட்டது. கரண்ட் இல்லை. யாரோ பள்ளிக்கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார்கள். நீந்தியும் நடந்தும் போய்ச் சேர்ந்தான். வராந்தாவில் புஷ்பா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் அழவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“ரெண்டு தபா போய்க் கூப்ட்டேன்யா. வா அண்ணாத்தே, தண்ணி வந்துனு கீதுன்னு. இரும்மா, இன்னும் கண்ணடிக்கல, போன வருசம் மாரி ஏமாற மாட்டேன்னாரு. அது கண்ணடிக்காதுன்னா, உன் புருசனே ரெடின்னு சொல்லிகீறான்மான்னு நம்பல. இந்தப் பொண்ண இடுப்புல வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? எதுத்தாப்ல கீற மனுசன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரல இல்ல?”

ஓரத்தில் ஒரு பெஞ்சின் மேல் எல்லம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். இஸ்திரி வண்டியில் விரிக்கிற கம்பளி அவள் மேல் போர்த்தியிருந்தது; அங்கங்கே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. துலுக்கானம் கீழே உட்கார்ந்திருந்தார். கட்டில் மூழ்கிய பிறகு இருட்டில் தூக்கியிருக்கிறார். தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை.

பாஸ்கரன் அவர் முன்னால் போய் நின்றான். அவர் திட்டுவார் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

“கண்ணு எமைக்காம பாத்துகினுதான் இருந்தேன் நைனா” என்றார் துலுக்கானம். “அது கண்ணடிக்கவே இல்லப்பா.”

தண்ணீர் வடிந்தது. கலர் ஆபீஸ் மாடிக்குக் குடியேறியது. மானிட்டர் பாதுகாப்புக் கருதி மறுபடி இயக்குநர் வீட்டுக்குப் போனது. வந்த வெள்ளத்தின் நிறமும் படத்தின் நிறமும் ஒன்றாக இருந்ததற்காக உத்தமனுக்குப் பதவி உயர்வு வரும் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளத்தில் செத்தவர்களுக்கு அஞ்சலியாக டிவியில் பெயர்களைக் காட்ட வேண்டுமென்று மேலிடத்திலிருந்து ஆர்டர் வந்தது. பாஸ்கரனைத்தான் கூப்பிட்டார்கள். அடக்கமாகச் செய்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தானே.

அவன் கேசட்டோடு போனான். முனியன் கொடுத்த சாம்பல் சட்டையை மாட்டிக்கொண்டான். கண் ஓய்வில் உட்கார்ந்து, மூடாத கண்ணோடு அத்தனை விசிலையும் கேட்டான். மாடி அறையில் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதே ஸ்டூல், அதே பழைய டிவி. தேவராஜ் தலைமையில் எல்லாரும் துக்கத்துக்கு ஏற்ற முகத்தோடு குனிந்தார்கள்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து மங்கலாக நின்று போயின. “நல்ல பணிவு” என்றார் உத்தமன். கடைசியாக ஒரு பெயர் திரை முழுக்க வந்தது. எல்லம்மா. அதை எந்த நிறத்தில் வைத்திருந்தான் என்பது பாஸ்கரனுக்கு மட்டும் தெரியும். அந்தப் பெயர் அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. விளக்கணைத்த அந்த அறையில் அத்தனை சாம்பல் சட்டைகளின் மேலும் வெளிச்சம் விழுந்து விழுந்து எழுந்தது.

உத்தமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “சிமிட்டுகிறது! ஐயா, இது சிமிட்டுகிறது!”

“இப்ப தெரியுதா சார்?” என்று கேட்டான் பாஸ்கரன்.

“தெரியுதுய்யா!” என்று கத்தினார் தேவராஜ். எழுத்துத் தமிழ் எங்கேயோ போய்விட்டது. “நல்லாத் தெரியுது! அதான்யா குத்தமே! டேய் முனியா, அதை அணைடா!”

முனியன் டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“கண் ஓய்வுல கீறேன் சார்” என்றான்.

பாஸ்கரன் சாம்பல் சட்டையைக் கழற்றிக் காலிப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு, பனியனோடு மாடிப்படி இறங்கினான். அவன் வாசலைத் தாண்டும்வரை மேலே அந்தப் பெயர் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் சுவிட்ச் இருக்கிற இடம் தெரியவில்லை.